தலையாட்டத் தெரியாதவள்

யாராவது பேசிக்கொண்டிருந்தால் நாங்கள் எல்லோரும் தலையாட்டுவோம். விளங்கினாலும் ஆட்டுவோம், விளங்காவிட்டாலும் ஆட்டுவோம். பேசுகிறவருக்கு அது மரியாதை, எங்களுக்கு வசதி. அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை கழுத்தை அசைக்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். விளங்கியிருந்தால் "சரி" என்பாள். விளங்காவிட்டால், "புரியல்ல, இன்னொருக்கா சொல்லுங்க" என்பாள். குரலில் வெட்கமும் இருக்காது, குத்தலும் இருக்காது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்பது மாதிரிக் கேட்பாள்.

மன்னாரில் நாங்கள் "விளங்கேல்லை" என்போம். "புரியல்ல" என்ற அந்த ஒரு சொல்லிலேயே அவள் எந்த ஆட்களைச் சேர்ந்தவள் என்று சிலர் கணக்குப் போட்டுவிடுவார்கள். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் நறுவிலிக்குளத்தில்தான். ஆனால் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். ஒரு கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்த பிறகு, பொடியனாக இந்தப் பக்கம் வந்து, மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்று குடும்பத்தை நடத்தியவர். வீட்டில் அவர்கள் பேசியது மலைநாட்டுப் பேச்சு. அதை அவள் வெளியில் வரும்போது கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை.

நாங்கள் வேலை செய்த அறை மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. யன்னலைத் திறந்தால் கீழே கடைத்தெருவில் கழுதைகள் நிற்கும். வெளிநாட்டில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வந்த ஓர் அண்ணன், ஊர்ப் பிள்ளைகள் ஊரிலேயே இருந்து வேலை செய்யவேண்டும் என்ற ஆசையில் அதைத் தொடங்கியிருந்தார். அவர், நான், கைக்குழந்தையோடு இருந்த ஓர் அக்கா, அவள். அவ்வளவுதான் கம்பனி.

எங்கள் வேலை என்னவென்று ஊரில் சொல்லி விளக்குவது பெரும் பாடு. கணினியோ, கைப்பேசியோ, கப்பலில் பூட்டுகிற சின்னப் பெட்டியோ, எல்லாவற்றுக்குள்ளும் கேர்னல் என்று ஒன்று இருக்கிறது. மற்ற மென்பொருள்கள் எல்லாம் அதைக் கேட்டுத்தான் டிஸ்க்கில் எழுதும், அதைக் கேட்டுத்தான் வாசிக்கும். உலகத்தில் எங்கோ ஒருவர் அந்தக் கேர்னலில் ஒரு வரியை மாற்றினால், முன்புபோல எல்லாம் ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்கவேண்டும். அதற்கு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பார்கள்: இதைச் செய், பிறகு அதைச் செய், வந்த விடை சரியா பார் என்று ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டளைகள். வருசக்கணக்காகப் பலர் எழுதிக் குவித்தவை. எழுதியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எந்த வரி எதற்கு என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அவற்றை வாசித்து, திருத்தி, இனி வாசிக்கப்போகிறவருக்கு விளங்கும்படி ஆக்கிக் கொடுப்பதற்கு ஒரு வெளிநாட்டுக் கம்பனி எங்களை வேலைக்குப் பிடித்திருந்தது. நானும் அக்காவும் திருத்தி எழுதுவோம். அவள் பரிசீலிப்பாள். அவள் "சரி" சொன்னால்தான் வெளியே போகும்.

நான் கொடுத்த முதல் ஸ்கிரிப்ட் ஒரே ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. நடுவில் ஓர் இடத்தில் ஐந்து செக்கன் சும்மா நில் என்று ஒரு வரி இருந்தது. பழைய ஸ்கிரிப்டில் இருந்ததை நான் அப்படியே விட்டிருந்தேன்.

"இந்த அஞ்சு செக்கன் எதுக்கு?" என்று கதிரையைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"அதைப் போட்டாத்தான் ஓடுது."

"போட்டா ஏன் ஓடுது?"

"அது தெரியாது."

"அப்ப அதை எழுதுங்க."

"எதை?"

"ஏன்னு தெரியாதுன்னு. அந்த வரிக்கு மேல எழுதுங்க. வர்றவங்க உங்களுக்குத் தெரியும்னு நினைச்சு ஏமாறக்கூடாது."

எனக்குக் கோபம் வந்தது. பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து, 'எனக்குத் தெரியாது' என்று என் பெயருக்குக் கீழே எழுதுவதா? அன்று முழுக்க முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பின்னேரம் போல வீம்புக்கு அந்தக் காரணத்தைத் தேடத் தொடங்கினேன். சோதனை டிஸ்க் இணைந்து முடிய நேரமெடுக்கிறது. அதற்குத்தான் அந்த ஐந்து செக்கன். பழுதான டிஸ்க் என்றால் ஐந்து செக்கனும் போதாது. அடுத்த நாள் அதைச் சொன்னபோது அவளுடைய முகம் மலர்ந்தது.

"அப்ப நேரத்துக்குக் காத்திருக்க வேணாம். டிஸ்க் வந்துட்டுதான்னு கேட்டுக் கேட்டுக் காத்திருக்கச் சொல்லுங்க" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. வேலையா, அவள் கதிரையைத் திருப்புகிற சத்தமா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பகிடிகூட அவளிடம் தப்பாது. தேத்தண்ணி நேரத்தில் அண்ணன் ஏதாவது பகிடி விட்டால் அக்காவும் நானும் சிரிப்போம். அவள் சிரிக்காமல், "புரியல்ல அண்ணே" என்பாள். அண்ணன் விளக்கத் தொடங்குவார். விளக்கி முடிக்கிற நேரம் அதில் பகிடியே இல்லை என்று அவருக்கே தெரிந்துவிடும். பிறகுதான் அவள் சிரிப்பாள், அண்ணனுடைய முகத்தைப் பார்த்து.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் பஸ்கள் நினைத்தபடி ஓடின. ஒரு மத்தியானம் கரண்டும் இல்லை, அவள் ஊருக்குப் போகப் பஸ்ஸும் இல்லை. பின்னேரம் ஒன்று வரக்கூடும் என்றார்கள். அதுவரை அறையில் வேர்த்துக்கொண்டு இருப்பானேன் என்று சைக்கிளில் கீரிக்கு, எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த நாட்களில் என் அம்மா அயலட்டையில், "மகன் ஒரு கேணலிட்டை வேலை செய்யிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேர்னல் அவருக்கு ஆமிக் கேணல் ஆகிவிட்டது. ஆமிக்காரரோடு எனக்கு என்ன கொண்டாட்டம் என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னோடு கதைப்பதையே குறைத்திருந்தார். நான் எத்தனையோ தரம் விளக்கினேன். அம்மா தலையாட்டிவிட்டு, பிறகும் கேணல் என்றார். அவள் எங்கள் குசினி வாசலில் பலகை போட்டு இருந்தபடியே, ஒருமுறை சொன்னாள்.

"அம்மா, கரையில படகு மீனோட வந்து நிக்குது. வாங்குறவங்க வந்து நிக்குறாங்க. எல்லாரும் ஒரேயடியா படகுக்குள்ள கையை விட்டா என்ன ஆகும்?"

"அடிபடுவாங்கள்."

"அதுக்குத்தானே ஏலம் கூறுறவர் நடுவுல நிக்கிறார். யாருக்கு எது, எப்பன்னு அவர்தான் சொல்லுவார். கொம்பியூட்டருக்குள்ள அப்படி ஒரு ஏலக்காரர். அவர் நித்திரை கொள்ளுறாரா, களவு எடுக்குறாரான்னு நாங்க பார்க்கிறோம்."

அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. அன்றோடு கேணல் போய்விட்டார். சாப்பாடு போடும்போது அம்மா தன்னுடைய விசாரணையைத் தொடங்கினார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், அதற்கு முதல் எங்கே இருந்தவை, சொந்தக்காரர் எந்தப் பக்கம். சுற்றிச் சுற்றி வந்தார். அவள் சோற்றில் கையை வைத்தபடி, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புரியல்ல அம்மா. அப்பா தோட்டத்து ஆளான்னு கேக்குறீங்களா?"

அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. எனக்கு எழும்பிப் போகலாம் போல இருந்தது.

"ஓம் அம்மா, தோட்டத்து ஆளுதான்" என்றாள் அவள். "குழம்பு நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அம்மா ஊற்றினார். அவள் போன பிறகு சட்டி பானையைக் கழுவிக்கொண்டே, "நல்ல பிள்ளை. ஆனா அவையள் வேறை ஆக்கள், மகன்" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லையே என்றேன். "நீ கேக்கேல்லை. சைக்கிளிலை ஏத்திக்கொண்டு வந்தனியெல்லோ" என்றார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளிடம் அம்மாவுக்காக வருத்தம் சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தகப்பனைப் பற்றித்தான் கதைத்தாள்.

"எங்க அப்பா எல்லாத்துக்கும் தலையாட்டுவார். வயல்காரர் சொன்னாலும், கவர்மென்ட் கந்தோர்ல சிங்களத்துல சொன்னாலும் ஒரே ஆட்டுதான். நான் கணக்குப் படிக்கணும்னு இருந்தேன். ஒரு வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு என்னமோ சொன்னார். அப்பா தலையாட்டிட்டு வந்துட்டார். என்ன சொன்னார்ன்னு கேட்டா, புரியல்லம்மாங்கிறார். அப்ப ஏன் ஆட்டுனீங்கன்னு கேட்டேன். 'ஆட்டல்லன்னா அடிச்சிருக்காங்களே' அப்படின்னார். தோட்டத்துல, சின்ன வயசுல."

பஸ் வருகிறதா என்று வீதியை எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"அடுத்த நாள் நானே போய்க் கேட்டேன். இங்க கணக்குப் படிப்பிக்க ஆளில்ல, டவுனுக்குப் போன்னுதான் அவர் சொல்லியிருக்கார். நல்லதுதான் சொல்லியிருக்கார். அப்பா பயத்துல காதையே மூடிட்டார்."

பஸ் வந்தது. மிதிபலகையிலும் சனம் தொங்கிக்கொண்டு வந்த அந்தப் பஸ்ஸில் எப்படியோ நுழைந்து ஏறிக்கொண்டாள்.

எங்கள் கம்பனியை மூட வைத்த விசயம் அதற்குப் பிறகுதான் நடந்தது. மூட வைத்தது அவள் என்று அக்கா சொல்லுவார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் அவள் வாசித்த ஒரு ஸ்கிரிப்டில் தொடங்கியது என்பது உண்மை.

அது மின்வெட்டுச் சோதனை. கப்பலின் போக்கைப் பதிவுசெய்யும் பெட்டிகளுக்காக எழுதியது. சோதனை டிஸ்க்கை இணைத்து, அதில் கோப்புகளை எழுதி, எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டை வெட்டி, திரும்பக் கொடுத்து, எழுதியது பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கிரிப்ட். அண்ணன் தன் கையால் எழுதியது. அதைப் பார்த்துத்தான் அந்த வெளிநாட்டுக் கம்பனி எங்களுக்கு வேலையே தந்தது. எந்த நாளும் 'பாஸ்' என்றே வந்துகொண்டிருந்ததால் அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. அவள் முறைப்படி ஒவ்வொன்றாக வாசித்து வந்ததில் அதன் முறை வந்தது.

அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு எழும்பி, மேசையில் இருந்த மின்சுற்றுச் சோதனைப் பலகையிலிருந்து டிஸ்க்கைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஸ்கிரிப்டை ஓடவிட்டாள். திரையில் 'பாஸ்' என்று வந்தது.

நாங்கள் எல்லோரும் அவளுடைய மடியில் கிடந்த டிஸ்க்கைப் பார்த்தோம்.

டிஸ்க் இணையாவிட்டால் நிறுத்து என்று அந்த ஸ்கிரிப்டில் ஒரு வரி இல்லை. இணையாதபோது அது பலகையின் சொந்தச் சேமிப்பகத்தில் எழுதிவிட்டு, அங்கே எல்லாம் பத்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வெளிநாட்டுக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் அது ஓடிய பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். யாரோ டிஸ்க்கின் பெயரை மாற்றியதற்குப் பிறகு அங்கே அது இணையவே இல்லை. 'இணைக்க முடியவில்லை' என்ற வரி ஒவ்வொரு முறையும் வந்திருந்தது. கடைசியில் 'பாஸ்' என்று இருந்ததால் எவரும் மேலே போய்ப் பார்க்கவில்லை.

அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, பிழைதான். ஒரு வரி போட்டாச் சரி. குறிப்பிலை 'சிறு திருத்தம்' எண்டு எழுதி அனுப்புங்கோ."

"புரியல்ல அண்ணே. எது சிறுசு? வரியா, பிழையா?"

"தங்கச்சி, இது தெரிஞ்சா அவங்கள் எங்களை நம்புவாங்களோ? அடுத்த ஒப்பந்தம் இந்த மாசம் வரவேணும்."

"அந்தப் பெட்டிங்க கப்பல்ல போயிட்டுது அண்ணே. கரண்ட் போனா அது எழுதினது நிக்குமான்னு நாங்க பார்க்கவே இல்ல. பார்த்தோம்னு சொல்லியிருக்கோம்."

அக்கா குழந்தையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார். "உனக்கென்ன, நீ ஒற்றை ஆள். இந்த வேலை போனா இந்தப் பிள்ளையோட நான் எங்கை போவன்?"

அவள் பதிலை யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள், முகத்தில் தெரிந்தது. "தெரியல்ல அக்கா" என்றாள்.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போகாது அக்கா, பயப்படாதீங்க என்று யாராயிருந்தாலும் சொல்லுவோம். அவளுக்கு அது வராது. அந்த இடத்தில் எனக்கும் அவள்மேல் கோபம்தான் வந்தது.

குறிப்பை எழுதினாள். இந்தச் சோதனை இன்ன காரணத்தால் டிஸ்க்கைத் தொடாமலே தேறியதாகக் காட்டிவந்தது, ஆகையால் இதுவரை வந்த முடிவுகளை நம்பவேண்டாம், எல்லாப் பெட்டிகளையும் மறுபடி சோதியுங்கள் என்று நேராக எழுதியிருந்தாள். அனுப்பவில்லை. கணினியை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தாள். அண்ணன் வாசித்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். யன்னலால் பார்த்தேன். தேத்தண்ணிக் கடை வாசலில் கழுதைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்து தன் கதிரையில் இருந்தார்.

"என்ர பேரைப் போடேல்லையே" என்றார்.

"பேர் எதுக்கு அண்ணே? பிழையைத்தான் சொல்லணும்."

"எழுதினது நான். போடுங்கோ. போட்டு அனுப்புங்கோ."

அந்தக் கம்பனி நன்றி சொல்லி எழுதியது. மறுபடி சோதித்தபோது சில பெட்டிகள் கரண்ட் போனதும் பதிவைத் தொலைத்தன. அவற்றைத் திருப்பி எடுத்துத் திருத்தினார்கள். அடுத்த ஒப்பந்தம் வரவில்லை. செலவைக் குறைக்கிறோம் என்று காரணம் எழுதியிருந்தார்கள். உண்மையாகவும் இருக்கலாம். கொஞ்ச நாளில் அண்ணன் அறையைப் பூட்டித் திறப்பை இரும்புக் கடைக்காரரிடம் கொடுத்தார். அதே கம்பனி அவளை மட்டும் தங்கள் நாட்டுக்கே வேலைக்குக் கூப்பிட்டது. அந்தச் செய்தியை அக்காவிடம் அவளே போய்ச் சொன்னாள். நானும் கூடப் போனேன். அக்கா எங்கள் முகத்தைப் பாராமல் தேத்தண்ணி தந்தார்.

"கோவமா அக்கா?"

"ஓம்."

"சரி" என்றாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு எழும்பினாள். அக்கா பிறகு முருங்கனில் கணினி வகுப்பு நடத்தும் ஓர் இடத்தில் சேர்ந்தார். இன்றைக்கும் அவளைப் பற்றிக் கேட்பார். "அவ எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டுவிட்டு, விடையைக் கேளாதவர் மாதிரி வேறு கதைக்குப் போய்விடுவார்.

அவள் போவதற்கு முன்பு ஒரு பின்னேரம் கீரிக் கடற்கரையில் நடந்தோம். காற்று மணலைக் கிளப்பிக் கணுக்காலில் அடித்துக்கொண்டிருந்தது.

"நீங்கள் போனா இஞ்சை ஒரு மாதிரி இருக்கும்" என்றேன்.

"புரியல்ல. எப்படி இருக்கும்?"

அதற்கு மேல் சுற்றி வளைக்க எனக்கு வழியிருக்கவில்லை. "எனக்கு உங்களைக் கலியாணம் கட்ட விருப்பம்" என்றேன்.

நின்றுவிட்டாள். காற்றில் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"உங்களோட இருந்தா நல்லா இருக்கு. அது தெரியும். அங்க போகணும்னும் இருக்கு. அதுவும் தெரியும். ரெண்டையும் சேர்த்து என்ன செய்யணும்னு தெரியல்ல. தெரிஞ்சா நானே சொல்லுவேன்."

"அதுவரைக்கும்?"

"காத்திருங்கன்னு நான் சொல்லல்ல. வேணாம்னும் சொல்லல்ல. அது உங்க விசயம்."

போய்விட்டாள். எனக்கும் வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கிடைத்தது. அதுவும் கேர்னல் சோதனைதான். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பாள். அங்கத்தைய குளிரைப் பற்றி, பரிசீலிக்கிற ஸ்கிரிப்டுகளைப் பற்றி. இடையிடையே நான் தீவிலிருந்து கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதியைத் தாண்டி நறுவிலிக்குளம் போய், தாய் தகப்பனுடைய போனைத் திருத்திக் கொடுத்து, அவர்கள் அவளோடு முகம் பார்த்துக் கதைக்க வழிசெய்துவிட்டு வருவேன். அவள் திரையில் தன் வேலையைப் பற்றிச் சொல்லுவாள். தகப்பன் சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டே இருப்பார்.

அந்த மனிதர் ஒரு மாரி மழைக்குப் பிறகு நோயில் படுத்தார். மன்னார் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். வார்டில் இருந்த இளம் டொக்டர் நல்ல பிள்ளை. ஆனால் ஓட்டமும் நடையுமாக இருந்தார். பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் ஏதோ விளக்கினார். தகப்பன் கட்டிலில் கிடந்தபடி தலையாட்டினார். தாயும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகுதான், அவள் போன் எடுத்து என்ன சொன்னார் என்று கேட்டால் நான் என்ன சொல்வது என்று நினைத்தேன். பின்னால் போனேன்.

"டொக்டர், எனக்கு விளங்கேல்லை. அவர் சுகமாகி வீட்டை போவாரோ?"

அவர் நின்றார். "வீட்டை கூட்டிக்கொண்டு போகலாம்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "சுகமாகி இல்லை" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவளுக்கு எடுத்தேன். வேறு எதுவும் சொல்லாமல், "அப்பா தப்பமாட்டார். இண்டைக்கே வெளிக்கிடுங்கோ" என்றேன்.  

"சரி" என்றாள்.

அவள் வந்து சேர்ந்தபோது தகப்பனை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். முற்றத்து நிழலில் சாக்குக் கட்டில் போட்டுக் கிடத்தியிருந்தது. ஒரு முற்பகல் நான் இளநீர் கொண்டு போனேன். அவள் கட்டிலின் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். தகப்பன் கண்ணை மூடிக்கொண்டே கதைத்தார்.

"ஏம்மா, நீ அங்க என்ன வேலை செய்ற?"

"சொல்லியிருக்கேனே அப்பா."

"சொன்ன. நானும் தலையாட்டினேன். ஒண்ணும் புரியல்லம்மா. இன்னொருக்கா சொல்லு."

அவள் சொன்னாள். டிஸ்க் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினாள். கப்பல் பெட்டியைச் சொன்னாள், மடியில் டிஸ்க்கை வைத்துக்கொண்டு பார்த்த அந்த நாளைச் சொன்னாள். அவர் இடையிடையே மறித்து, அது எப்படி, இது எதற்கு என்று கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். மத்தியானச் சோறு ஆறிப்போனது. தாய் இரண்டு தரம் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுக் கூப்பிடாமல் திரும்பிப் போனார். நான் இளநீரை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போக மனம் வரவில்லை.

அந்தக் கிழமையே அவர் போய்விட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு குளக்கட்டில் நடந்தோம். அறுவடை முடிந்த வயலில் கொக்குகள் நின்றன. அவளாகத்தான் தொடங்கினாள்.

"இப்ப தெரியும்" என்றாள். "நான் வரமாட்டேன். அங்கதான் இருக்கப் போறேன்."

"ஆராவது இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்ல. அங்க என்கிட்ட ஒருத்தரும் எந்த ஆளுன்னு கேக்குறதில்ல. அது எனக்குப் பிடிச்சிருக்கு. இவ்வளவு பிடிக்கும்னு போறப்ப தெரியாது."

"நான் அங்கை வாறன்."

"கூப்பிட்டா வருவீங்க. அதான் கூப்பிடல்ல. வந்து ஒவ்வொரு நாளும் இந்த ஊர்க் கடலைத் தேடுவீங்க. பக்கத்துல இருந்து அதைப் பார்த்துட்டு இருக்க என்னால முடியாது."

"நான் தேடமாட்டன்."

"உண்மையாவா?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் அந்தப் பார்வையோடு, கழுத்தை அசைக்காமல் நின்றாள். "தெரியாது" என்றேன்.

அவள் அழுதாள். அவ்வளவு காலப் பழக்கத்தில் அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். தகப்பனைப் பெட்டியில் வைத்தபோதுகூட அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, தாயின் மருந்தைப் பற்றி, வீட்டுக் கூரையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தாள். நானும் கதைத்தேன். வீட்டு வாசல் படலை வரைக்கும் கதைத்துக்கொண்டே வந்தோம்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை எடுப்பாள். முன்புபோல நீளமாக இல்லை. தாயை அங்கே கூப்பிட்டுக்கொள்ளப் பார்க்கிறாள். தாய் போய்விட்டால் எனக்கு நறுவிலிக்குளம் போகவும் ஒரு காரணம் இருக்காது. சில நாட்களில் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போகும்போது இரும்புக் கடைக்கு முன்னால் சைக்கிளை மெதுவாக விடுவேன். மேல்மாடியில் இப்போது தையல் வகுப்பு. மெசின் சத்தத்துக்கு நடுவில் ஒரு கதிரை திரும்புகிற சத்தம் கேட்குமா என்று காது கொடுப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

போன மாதம் அம்மா பேசாலையில் ஒரு பெண் பார்த்திருந்தார். வாத்தியார் வேலை, நல்ல குடும்பம். படத்தை மேசையில் வைத்துவிட்டு, முற்றத்தில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் படத்தைப் பார்த்தேன். அந்தப் பெண்ணில் ஒரு குறையும் இல்லை. வெளியே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, வேண்டாம் என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்தப் பிள்ளை திரும்பி வரமாட்டா எண்டு உனக்குத் தெரியுந்தானே?"

"தெரியும் அம்மா. அவவே சொன்னவ."

"பிறகென்ன, மகன்?"

"தெரிஞ்சா விருப்பம் போயிடும் எண்டு நினைச்சனான்" என்றேன். "போகேல்லை."

அம்மா கத்தியைப் பலகையில் வைத்தார். செதில் ஒட்டிய கையை மடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேலிக்கு அங்கால் கடல் கிடந்த பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பேசாலைக்காரருக்கு நான் சொல்லிப்போடுறன்" என்றார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு, "இதைக் குழம்பு வைக்கட்டோ, பொரிக்கட்டோ?" என்று கேட்டார்.

"குழம்பு வையுங்கோ அம்மா" என்றேன்.